ஐந்தாம் பக்கம் யாருக்கு?

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு உலக இலக்கியம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. கும்பகோணம் ஊமத்தம்பூ பதிப்பகத்திலிருந்து முகில்வண்ணன் போன் செய்து, “சார், புஸ்தகம் ரெடி. ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயித்துக்கிழமை வெளியீடு வெச்சிரலாம்” என்றார்.

கால்நடை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் நான் பட்ட பாடு, ‘வாலைப் பிடித்த வாழ்க்கை’ என்ற பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். என் கைபட்டுக் கன்று போட்ட மாடுகளை வரிசையாக நிறுத்தினால் மயிலாடுதுறையில் ஆரம்பித்து இலங்கை வரை போகும். நடுக்கடலில் நிற்கிற மாடுகளுக்கு நீச்சலும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

போனை வைக்கும்போது முகில்வண்ணன் ஒன்று சொன்னார். “அஞ்சாம் பக்கம் மட்டும் காலியா இருக்கு சார். சமர்ப்பணம் யாருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது.”

அரை நிமிட வேலை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, புதன்

அரை நிமிட வேலையில் இரண்டு நாள் போய்விட்டது. எதிரிகள் கிளம்பிவிட்டார்கள்.

முதல் எதிரி என் அக்கா வீட்டுக்காரர், சபாநடேசன் அத்தான். முகில்வண்ணனை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும்போது, “இவர்தான் அவர்” என்று கை காட்டினார். அவ்வளவுதான் அறிமுகம். இன்று போனில், “மாப்ள, நான் ஒண்ணும் எதிர்பாக்கல. ஆனா உங்க அக்கா கேக்குறா, அந்தச் சமர்ப்பணத்துல இன்ஷியல் சேத்துப் போடுவாங்களான்னு” என்றார்.

அக்கா அப்படிக் கேட்டிருக்கவே மாட்டாள். அவளுக்கு அந்த மனுஷனின் இன்ஷியலே ஞாபகம் இருக்காது.

“இதுல என்ன அத்தான் சந்தேகம்? புஸ்தகமே உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன். என் வாய் பிரம்மதேவன் தனியாகச் செய்த வாய். மூளையோடு அதை இணைக்க மறந்துவிட்டான்.

மாலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. ஒற்றை ஆளாகவே உருட்டி அடுக்களைக்குக் கொண்டுபோனேன். இமயமலையை உருட்டியது போல இடுப்பில் வலி.

மார்ச் 8, சனி

பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் இந்த ஐந்தாம் பக்கத்தை எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று கிளை நூலகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனேன். நாற்பது புத்தகங்களை எடுத்துச் சமர்ப்பணத்தை மட்டும் படித்தேன். நூலகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “என்ன சார், ஒரு புஸ்தகமும் தேறலையா?” என்றார்.

கண்டுபிடிப்பு இதுதான். பதினேழு பேர் அம்மாவுக்கு. ஒன்பது பேர் அப்பாவுக்கு. பெரும்பாலும் காலமானவர்களுக்கு. புத்திசாலிகள். காலமானவர்கள் போன் செய்து இன்ஷியல் கேட்பதில்லை. மனைவிக்கு நான்கே நான்கு. அதில் மூன்று, ‘கைப்பிரதியைப் படியெடுத்து உதவிய’ மனைவிக்கு. படியெடுத்ததற்கெல்லாமா ஒரு பக்கம் ஒதுக்குவார்கள்? நல்ல பழக்கமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அரசியிடம் இதைச் சொன்னேன். அரசி என்றால் மங்கையர்க்கரசி, என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே தட்டச்சில் ஹையர் பாஸ். வேலைக்குப் போகவில்லை. என் கையெழுத்து மருந்துச் சீட்டுக் கையெழுத்து என்பதால், நான் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கதை சொல்ல, அவள் லேப்டாப்பில் தட்டினாள். இப்படியே ஒன்றரை வருடம். என்ன, நடுநடுவே கை வைப்பாள். ‘ஆயிரம் ஆடு’ என்று நான் சொன்னால் திரையில் ‘நாற்பது ஆடு’ என்று வரும். “மீதி தொள்ளாயிரத்து அறுபது எங்கடி?” என்றால், “மேயப் போயிருக்கு” என்பாள்.

ஆராய்ச்சி முடிவைக் கேட்டுவிட்டு, “நாலு பேராவது போட்டாங்களே” என்றாள். துணி காயப்போடப் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் எதிரி: டாக்டர் இன்னாசிமுத்து. என்னுடைய பழைய மேலதிகாரி, கால்நடை மருத்துவர், வயது எழுபத்தேழு. “குஞ்சிதபாதம், உனக்கு ஊசி பிடிக்கக் கத்துக்குடுத்தவன் எவன்யா?” என்று ஆரம்பித்தார். மனுஷன் கற்றுக்கொடுத்த அன்று ஊசி என் தொடையில் இறங்கியது. மாடு தப்பியது. இருந்தாலும் எழுபத்தேழு வயது. “ஐயா, உங்களுக்குத்தான்” என்றேன்.

மூன்றாம் எதிரி: அக்கா மகள் நிறைமதி, சென்னையில் வேலை. “மாமா, சின்ன வயசுல என் காதுல பூனைக்குப் போடுற மருந்தை ஊத்துனீங்கல்ல, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமா புக்கு எனக்குத்தானே?” என்றாள். பரிகாரம் என்று வந்த பிறகு மறுக்க முடியுமா?

ஆக, ஒரே பக்கம், மூன்று பேர். ஒரே பெண்ணுக்கு மூன்று மாப்பிள்ளையை நிச்சயம் பண்ணியவன் நிலைமை என் நிலைமை.

மார்ச் 12, புதன்

விடிவு பிறந்தது! முகில்வண்ணனிடம் புலம்பியபோது, “இப்பல்லாம் பழைய மாதிரி இல்ல சார். உள்பக்கம் கொஞ்சங்கொஞ்சமாத்தான் அடிக்கிறோம். நடுவுல எந்தப் பக்கத்தை வேணாலும் மாத்திக்கலாம்” என்றார்.

அச்சு யந்திரம் கண்டுபிடித்த நாளிலிருந்து எவன் மூளைக்கும் எட்டாத திட்டம் என் மூளைக்கு எட்டியது. மூன்று சமர்ப்பணம், மூன்று கட்டு. அத்தான் வம்சத்துக்கு ஒரு கட்டு, டாக்டர் வட்டாரத்துக்கு ஒரு கட்டு, நிறைமதிக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் ஒரு கட்டு. ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் பார்க்காமல் இருந்தால் சரி. நம் ஊரில் யார் இரவல் வாங்கிப் படிக்கப் போகிறார்கள்?

அரசியை லேப்டாப்போடு உட்கார வைத்து மூன்றையும் சொன்னேன். ‘பதிப்புலகின் பெருங்கதவைத் தன் ஒற்றைச் சுட்டுவிரலால் திறந்துவைத்த வள்ளல் அத்தானுக்கு.’ ‘ஊசிமுனையில் உலகைக் காட்டிய ஆசானுக்கு.’ ‘இக்கதைகளைக் கேட்டே வளர்ந்த என் மருமகளுக்கு. இவள் இல்லையேல் இந்நூல் இல்லை.’

மூன்றையும் பிழையில்லாமல் தட்டினாள். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. அதுவே அதிசயம்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“அவ்வளவுதான். ஏன், வேற யாராச்சும் விட்டுப்போச்சா?”

“இல்ல, கேட்டேன்” என்று லேப்டாப்பை மூடினாள்.

மார்ச் 13, வியாழன்

தண்ணீர் மோட்டார் பழுது. சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டதற்கு, “மேயப் போயிருக்கு” என்று பதில்.

மார்ச் 17, திங்கள்

முகில்வண்ணன் புகழ்ந்து தள்ளிவிட்டார். “சார், அந்த ஒன்பதாவது அத்தியாயம், கீழ அகரம் அஞ்சலையோட மாடு. ரெண்டு தடவை படிச்சு ரெண்டு தடவையும் கண்ணு கலங்கிருச்சு. அதே மாதிரி இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் குடுங்க, எருமையைப் பத்தி. புஸ்தகம் எங்கேயோ போயிரும்.”

நன்றி நன்றி என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் எனக்கு அந்த ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் தீராத மனத்தாங்கல். நான் சொன்ன கதையில் அஞ்சலையின் செவலை மாடு பிழைத்து, இரட்டைக் கன்று போட்டு, இரண்டும் அன்று மாலையே துள்ளி விளையாடின. இருபத்திரண்டு வருடமாக இதை டீக்கடை, பஸ், கருமாதி வீடு எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். அரசி எழுதும்போது மாடு செத்துவிட்டது. கன்று ஒன்றுதான்.

“என் மாட்டை ஏன்டி கொன்னே?” என்று அப்போதே கேட்டேன்.

“நான் கொல்லல. மாடு செத்த மறுநாள் அஞ்சலை என்கிட்டதான வந்து அழுதா. நீங்க உள்ள போயி மூஞ்சி கழுவிட்டிருந்தீங்க” என்றாள்.

விட்டுவிட்டேன். அவளிடம் வந்து அழுதவர்கள் கதை இருநூறு இருக்கும். நான் மாட்டிடம் பேசினால் அவள் மாட்டுக்காரியிடம் பேசுவாள். ஆளுக்கொரு இலாகா.

மார்ச் 18, செவ்வாய்

எருமை அத்தியாயத்துக்கு உட்காரலாம் என்றேன். “கண்ணு எரியுது. நீங்களே எழுதிருங்களேன்” என்றாள்.

பரவாயில்லை. கதை யாருடையது? என்னுடையது. தட்ட மட்டும்தானே ஆள் வேண்டும்? எனக்கு விரல் இல்லையா?

மார்ச் 21, வெள்ளி

ஒற்றை விரலால் மூன்று நாளில் எட்டுப் பக்கம்! விரல் நுனி தேய்ந்து ரேகையே அழிந்துவிட்டது. இனி ரேஷன் கடையில் என்னை யாரென்று அந்த மிஷினுக்குத் தெரியப்போவதில்லை.

கதையில் கொள்ளிடம் வெள்ளத்தில் ஓர் எருமை பதினொரு பேரையும் ஒரு தையல் மிஷினையும் முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிறது. சேர்த்துவிட்டு மறுபடி வந்து என்னையும் ஏற்றிக்கொள்கிறது. நானே படித்து நானே புல்லரித்தேன். அரசியிடம் காட்டவில்லை. கண் எரிகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. நேராக அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

முகில்வண்ணன் போன். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“சார், தப்பா நினைக்கக் கூடாது. இந்த எருமை அத்தியாயத்தை வேற யாராச்சும் எழுதுனாங்களா?”

“ஏன்?”

“இல்ல, உங்க எழுத்து மாதிரி இல்ல சார். உங்க எழுத்துல மாட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிப்பாங்க. அவங்க கட்டியிருக்கற சேலை, கையில இருக்கற தூக்கு, வாயில வராத வார்த்தை, எல்லாம் தெரியும். இதுல எருமை மட்டும்தான் சார் இருக்கு. அதுவும் ஹெலிகாப்டர் மாதிரி இருக்கு.”

என் எழுத்து என் எழுத்து மாதிரி இல்லையாம்! பூமி உருண்டையாகி இத்தனை கோடி வருடத்தில் எந்த எழுத்தாளனுக்கும் இந்த அவமானம் நேர்ந்ததில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டு வாழைப்பழமும் நாலு இட்லியும்தான்.

மார்ச் 25, செவ்வாய்

அந்த முகில்வண்ணன் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபிக்க, நான் குறிப்பு எழுதி வைத்திருந்த பழைய டைரியையும் அச்சுக்குப் போகிற பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

டைரியில்: ‘அஞ்சலை மாடு. கன்று குறுக்கே. இரட்டை. அமோகம்.’ ஒரே வரி. புத்தகத்தில்: பதினான்கு பக்கம்.

டைரியில்: ‘செட்டியார் வீட்டு ஆட்டுக்குக் கால் கட்டு.’ புத்தகத்தில்: ஆட்டை வெட்டக் கூடாது என்று மூன்று நாள் சோறு தின்னாமல் இருந்த அந்த வீட்டு மருமகள்.

இப்படியே முப்பத்திரண்டு அத்தியாயம். இருபத்தாறில் நான் மாட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். அவற்றில் மீதி எல்லாம் அவள். மற்ற ஆறு அத்தியாயம் முழுக்க என்னுடையது. அந்த ஆறையும் முகில்வண்ணன் ‘கொஞ்சம் சுருக்கலாம்’ என்று பென்சிலால் சுழித்திருக்கிறார்.

ஒன்பதாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். ‘அவர் போய்ச் சேர நேரமாகிவிட்டது’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். ஏன் நேரமானது என்று எழுதவில்லை. அவளுக்குத் தெரியாது. அஞ்சலை வந்து சொல்லிவிட்டு வரப்பு வழியே குறுக்கே ஓடினாள். நான் மொபெட்டில் ரோட்டு வழியாகப் போனேன். வழியில் கீழ அகரம் முக்கில், வடைக்கடையில் ஐந்து நிமிடம் நின்றேன். நாலு பேர் கூப்பிட்டு, நான் வழக்கமாகச் சொல்லும் முதலைக் கதையைக் கேட்டார்கள். ஐந்தே நிமிடம்.

இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மோட்டார் சரியாகிவிட்டது.

மார்ச் 26, புதன்

தயாள குணத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இன்று நாட்டுக்குத் தெரிந்திருக்கும். அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அரசியின் முன்னால் போய் நின்றேன்.

“மூணு சமர்ப்பணமும் ரத்து. அஞ்சாம் பக்கம் முழுக்க உனக்கு. கேளு: ‘என் எழுத்தின் பின்னால் நிழலாக நின்ற என் மனையரசி மங்கையர்க்கரசிக்கு.’ எப்படி?”

அவள் நிமிரவில்லை. “எனக்கு வேணாங்க.”

“ஏன், நீளம் பத்தலையா? ‘தியாகச் சுடர்’னு ஒண்ணு சேத்துக்கலாம்.”

“எழுதுனவளுக்கே எப்படிங்க சமர்ப்பணம் பண்ணுவீங்க?”

இன்னொரு கொத்துக் கீரையை எடுத்து உருவினாள்.

“அட்டையில போடுங்க. உங்க பேரு பக்கத்துல” என்றாள். “முடியாதுன்னா, அஞ்சாம் பக்கத்துல யாரு பேரை வேணாலும் போட்டுக்குங்க. எனக்கு ஒண்ணும் கோவமில்ல.”

முப்பத்தைந்து வருடத்தில் அவள் ‘கோவமில்ல’ என்று சொன்னது மூன்று தடவை. முதல் தடவை சொன்ன கோபமே இன்னும் தீரவில்லை.

மார்ச் 27, வியாழன்

நாள் பூராவும் வெளியே சுற்றினேன். முடி வெட்டிக்கொண்டேன். நாவிதர், “புஸ்தகம் எழுதியிருக்கீங்களாமே சார்?” என்றார். வெயில் அதிகம் என்று பதில் சொன்னேன்.

மார்ச் 28, வெள்ளி

போன் செய்தேன். போனைக் காதில் வைத்தபடி வீட்டுக்குள் நடந்த தூரம் காசிக்குப் போய்த் திரும்புகிற தூரம்.

“முகில்வண்ணன், அட்டையில ஒரு பேரு சேக்கணும்.”

“ஐயோ, அட்டை மொத்தமும் அச்சாகி வந்திருச்சு சார்! அழைப்பிதழும் போயாச்சு. உள்ள எத்தனை பக்கம் வேணாலும் மாத்துறேன். அட்டையை மாத்தணும்னா ஆறாம் தேதி நடக்காது. அந்த மண்டபம் இதை விட்டா ஜூலையிலதான் கிடைக்கும்.”

மண்டபம் நிறைய ஆள் கூட்டி வைத்திருந்தேன். என் பழைய ஆஸ்பத்திரி ஆட்கள் வேன் வைத்து வருகிறார்கள். எனக்குப் போட ஆளுயர மாலை சொல்லியிருப்பதாக அத்தான் ரகசியமாகச் சொன்னார். மாலையை நினைத்தபடி அடுக்களைப் பக்கம் பார்த்தேன்.

“ஜூலையிலேயே வெச்சுக்கலாம்” என்றேன்.

“அப்படி யாரு பேரு சார் விட்டுப்போச்சு?”

“எழுதுனவங்க பேரு.”

 “ஒன்பதாவது அத்தியாயம் அவங்களா சார்?” என்றார்.

பையன் கெட்டிக்காரன்தான்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்று எதிரிகளுக்கும் சொல்லியாயிற்று. அத்தான், “அப்ப மாலை?” என்றார். ஜூலை வரை வாடாத மாலையாகப் பார்க்கச் சொன்னேன். போனை வைத்துவிட்டார். பின்னணியில் அக்கா சிரிப்பது கேட்டது. டாக்டர் இன்னாசிமுத்து, “உன் ஜன்மத்துல உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கேய்யா” என்றார். பாராட்டிலும் ஊசி இறக்குகிற மனுஷன்.

நிறைமதி, “அது எங்களுக்கெல்லாம் தெரியுமே மாமா. அத்தை எழுதுனதை எனக்குத்தான் முதல்ல அனுப்புவாங்க” என்றாள். எனக்குத் தெரியாமல் என் புத்தகத்தை உலகமே படித்திருக்கிறது.

அரசியிடம் ஜூலை என்றேன். “ம்” என்றாள். சாம்பாரில் உப்பு இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

இப்போது ஆசிரியர்கள் இருவர். ஐந்தாம் பக்கம் இன்னும் காலி. என் தரப்பில் பதினாறு பெயர்கள் வைத்தேன், இரண்டு காளை உட்பட. எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். மாலையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

‘எங்கள் வாசலில் வந்து நின்ற எல்லோருக்கும். முக்கியமாக, நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராத கீழ அகரம் அஞ்சலைக்கு.’

“‘நாங்கள்’னு ஏன் போட்டே? நீ எங்க வந்தே? போனது நான். நேரங்கழிச்சுப் போனதும் நான்.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அவ ஒரு மணிக்கே வந்துட்டா. நீங்க மூணு நாள் தடுப்பூசி முகாம் முடிச்சு வந்து அப்பத்தான் கண்ணசந்திருந்தீங்க. முக்கால் மணி நேரம் வாசல்லயே உக்கார வெச்சிருந்தேங்க. இப்ப எழுந்துருவார், இப்ப எழுந்துருவார்னு. அவளும் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தா.”

இருபத்திரண்டு வருடம் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் வடைக்கடையைப் பற்றிச் சொன்னேன்.

“எவ்வளவு நேரம்?” என்றாள்.

“ஒரு கால் மணி இருக்கும்.”

“உங்க கால் மணியா, ஊர்ல இருக்கறவங்க கால் மணியா?”

“அரை மணி” என்றேன். “அரை மணிக்கு மேலேயே இருக்கும், அரசி. முதலைக் கதையை ரெண்டு தடவை சொன்னேன்.”

   தெருவில் தயிர்க்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் எழுந்து போய் வாங்கவில்லை.

பிறகு, “‘நாங்கள்’ இருக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“இருக்கட்டும்.”

“அனுப்பிரவா?”

“அனுப்பு” என்றேன்.